மூன்றேகால் மணி நேரப் பொய்

அல்மாட்டியிலிருந்து அக்தாவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று இஸ்பசாரிடம் யாராவது கேட்டால், பதிலுக்கு முன்னால் அவர் முகம் சுளியும். தூரம் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. மூன்றேகால் மணி நேரம் பிடிக்கும். திரும்பி வரும்போது காற்றே பிடித்துத் தள்ளும். இரண்டே முக்காலில் வந்துவிடலாம். டிக்கெட்டைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. ஏழு பத்துக்குக் கிளம்பி ஒன்பது இருபத்தைந்துக்கு இறங்குவதாக அதில் போட்டிருக்கும். அக்தாவ் கடிகாரம் அப்போதெல்லாம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும், அதனால் வந்த வினை. "அந்த ஒரு மணி நேரம் காயிதத்துலதான் காணாமப் போவும். ஆகாசத்துல அதுக்கும் சேத்துப் பொய் சொல்லியாவணும்" என்பார்.

பொய் சொல்வது அவர் தொழில் இல்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் தொழில். ஊர் அக்தாவ், குடியிருப்பது அல்மாட்டி. ஐம்பத்திரண்டு வயசு. மாதம் இரண்டு தடவை கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த விமானத்தில் ஏறுவார். அதுதான் அவரைப் பிடித்த சனியன்.

அக்தாவ் மக்களிடம் சாவுச் செய்தியைப் போனில் போட்டு உடைக்கிற பழக்கம் கிடையாது. அப்பன் செத்தாலும் பிள்ளை செத்தாலும் "கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள். ஊருக்குக் கூட்டி வந்து, வீட்டில் உட்கார வைத்து, பெரியவர்கள் நாலு பேர் முறைப்படி வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவரை ஊருக்கே தெரியும், உரியவருக்கு மட்டும் தெரியாது. சரி, அல்மாட்டியில் இருக்கிற உரியவரை மூச்சு விடாமல் அக்தாவ் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டுமே? அடிக்கடி அந்த விமானத்தில் போகிறவர், ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு என்று ஆஸ்பத்திரி பாஷையில் நாலு வார்த்தை நம்பும்படி பேசுகிறவர், இஸ்பசாரை விட்டால் யார் இருக்கிறார்கள்? பதினாறு வருஷத்தில் இருபத்திரண்டு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

செய்யச் செய்ய அவருக்கு அதில் ஒரு கைத்திறமையே வந்துவிட்டது. அந்தத் திறமையை நினைத்தால்தான் அவருக்குக் குமட்டும். வருகிறவரின் போனை வீட்டிலேயே எதையாவது சொல்லி அணைத்துவிட வேண்டும். ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, போகிற வருகிறவன் எவனும் வாய் தவறித் துக்கம் விசாரிக்காதபடி நடைபாதைப் பக்கம் தான் உட்கார வேண்டும். "ஒண்ணுமில்ல" என்று சொல்லவே கூடாது. யாரும் நம்ப மாட்டார்கள். "கஷ்டம்தான், ஆனா பெரிய டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு" என்று சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரண்டாவது மணி நேரம்தான் நரகம். அதற்கப்புறம் கீழே ஆரல் கடல் இருந்த இடம் வரும். கடல் எங்கே இருக்கிறது, வெள்ளை வெளேரென்று உப்புதான் தெரியும். உப்பு தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பார்க்காமல் உப்பைப் பார்த்தே பொய்யை அளந்து ஊற்றப் பழகியிருந்தார்.

இதைவிடக் கேவலம் பின்வரிசைகளில் நடக்கும். அதே விமானத்தில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் கண்ணில் படாமல் ஏறி, கடைசி வரிசையில் பதுங்கியிருப்பார்கள். கொண்டு வந்த கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சீட் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். கழிவறைக்குப் போகிற சாக்கில் வந்து, 'தெரிஞ்சிடுச்சா?' என்று புருவத்தாலேயே கேட்டுவிட்டுப் போவார்கள். வாயோரத்தில் கொழுப்பு மினுங்கும். அவருக்கு விமானத்தில் கொடுக்கிற பன்னைத் தொடவே பிடிக்காது. இறங்கிச் சாவு வீட்டுக்குப் போனால், "வழியில சந்தேகப்பட்டாளா? எந்த எடத்துல மூஞ்சி மாறுச்சு?" என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து ருசித்துக் கேட்பார்கள். கிழவர்கள் தோளைத் தட்டி, "நல்லாக் கொண்டாந்து சேத்தே" என்பார்கள். கிளம்பும்போது சாவு வீட்டுச் சம்பிரதாயமாக ஒரு துண்டுத் துணி கையில் வைப்பார்கள். வீட்டில் ஓர் இழுப்பறை நிறைய அந்தத் துணிகள். மெஷின் எண்ணெயைத் துடைக்க இஸ்பசார் அதைத்தான் எடுத்துப் போவார். அவர் மனைவி ஷினார் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தியை மட்டும் அவரால் மன்னிக்கவே முடியவில்லை. கலம்காஸ் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர். பயிற்சி வகுப்புக்காக அல்மாட்டிக்கு வந்திருந்தாள். ஊரில் அவள் ஒரே மகன் கார் கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். "கால்ல அடி, ஆபரேஷன் பண்றாங்க" என்று இஸ்பசார் கூட்டிப் போனார். வழி நெடுக அந்த அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? எக்ஸ்ரே மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாள். படம் எடுக்கும்போது மூச்சை ஏன் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். உப்பு தெரிந்தபோது, "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்றாள். "ஒரு மணி நேரம் அக்கா" என்றார். அதற்கப்புறம் தன் பன்னை எடுத்து, வெண்ணெய் தடவி, "சாப்பிடுங்க, காலைலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல" என்று அவர் கையில் வைத்தாள். அவர் கை தவறி டீ சட்டையில் கொட்டியபோது கைக்குட்டையால் துடைத்தும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஷினாரிடம் பொரிந்து தள்ளினார்.

"பெத்தவளுக்கு வயித்துல ஒரு உதறல் வேண்டாமா? மகன் பொணமாக் கெடக்கான், இவ எனக்கு வெண்ணெ தடவிக் குடுக்கறா. மாடு கூட கன்னு செத்தா மோந்து பாத்துத் தெரிஞ்சுக்கும்."

"அவளுக்கு என்ன தெரியும்? நீங்கதான் நல்லாப் புளுகுனீங்களே" என்றாள் ஷினார்.

அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே ஷினாரின் கையைப் பிடித்து மேஜைமேல் இருந்த ரொட்டியின் மேல் வைத்தார். ரொட்டியின் மேல் செய்த சத்தியத்தை அங்கே யாரும் மீற மாட்டார்கள்.

"என் முறைன்னு ஒண்ணு வந்தா நேரா மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். இன்னார் செத்துட்டார், கெளம்புங்க. அவ்வளவுதான். எவனையும் பக்கத்துல ஒக்கார வச்சு என்னை இளிச்சவாயன் ஆக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"நல்ல நாளும் அதுவுமா ஏங்க இந்தப் பேச்சு?"

"பண்ணு."

பண்ணினாள்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமலும் இஸ்பசார் கண் விழித்தபோது மூக்கில் எண்ணெய் வாசம் அடித்தது. எழுந்திருப்பதற்கு முன்பே அவர் கிழமையை எண்ணிப் பார்த்தார். அந்த வீடுகளில் எண்ணெய் காய்ச்சி ஏழு ரொட்டி சுடுவது வெள்ளிக்கிழமை காலையில்தான். அந்த வாசம் செத்துப் போனவர்களைப் போய்ச் சேரும் என்பார்கள். செவ்வாய்க்கிழமை சுடுகிறார்கள் என்றால் புதிதாக ஒருவர் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்.

அடுப்படியில் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வாணலியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். ரொட்டியைக் காணோம். ஷினாரின் கண் சிவந்து கிடந்தது. மேஜையில் அவள் தம்பி தாலாப், இந்நேரத்துக்குக் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தான். மேஜை நாற்காலி விற்கிற வியாபாரி. நல்ல கனத்த சரீரம். உட்கார்ந்தாலே வியர்த்துக் கொட்டும். இருபது வருஷமாக இஸ்பசாருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"அத்தான், மெந்திபாய்க்குக் கொஞ்சம் முடியலையாம்" என்றான் தாலாப், சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தபடி.

மெந்திபாய் இஸ்பசாரின் ஒரே தம்பி. அக்தாவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பத்தாறு வயசு, போன வாரம் போனில் பல்வலி என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

"என்ன முடியல?"

"வயிறு" என்றான் தாலாப்.

"நெஞ்சு" என்றாள் ஷினார் அதே மூச்சில்.

"வயித்துலேருந்து நெஞ்சுக்கு ஏறிடுச்சாம்" என்று தாலாப் சமாளித்தான்.

இஸ்பசாருக்கு முதலில் வந்தது துக்கமில்லை, அருவருப்பு. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பொய்யை ஒழுங்காகப் பேசி வைத்துக்கொள்ளத் துப்பில்லை. அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அவர் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போன் 'ஃபிளைட் மோடு'க்கு ஏறியிருந்தது. அதில் சிக்னலை அணைத்து வைத்திருந்தார்கள். அவர் செய்கிற வேலை அது, அவரிடமிருந்தே பொறுக்கியது. கூடத்தில், ஷினாரும் பிள்ளைகளும் அடுத்த விமானத்தில் கிளம்ப, நல்ல துணிகள் இஸ்திரி போட்டு மடித்துக் கிடந்தன. வயிற்று வலிக்காரனைப் பார்க்க இஸ்திரி போட்ட துணி எதற்கு?

"ரொட்டி சுட்டியா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றாள் ஷினார். "பக்கத்து வீட்டுலேருந்து வருது போல."

ரொட்டி மேல் கை வைத்தவள் ரொட்டியையே இல்லை என்கிறாள். சீ, இவளும் இப்படித்தானா என்று அவருக்கு வாயெல்லாம் கசந்தது. அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். 'மெந்திபாய் செத்துட்டானா?' இரண்டே வார்த்தை. கேட்கவில்லை. காலணியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நேரம் வரட்டும், இந்தத் தடியனை வழியில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தார்.

விமான நிலையத்தில் மெந்திபாயின் மாமனார் வழிச் சொந்தம் மூன்று பேர் அவரைக் கண்டதும் சிதறினார்கள். ஒருவர் குளிர்பான மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தார். தொப்பை வெளியே தெரிந்தது. இஸ்பசார் அந்தத் தொப்பையைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தார். தாலாப் அவருக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தான்.

"ஜன்னல் உங்களுக்குப் பிடிக்குமே அத்தான்."

"எனக்கா? எப்பருந்து?"

தாலாப் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். அவன் விமானம் ஏறுவதே இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. மேலே கிளம்பியபோது கண்ணை இறுக்க மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. இஸ்பசார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு வந்து வாய்த்த ஆளைப் பார்.

அரை மணி நேரம் கழித்துத் தாலாப் ஆரம்பித்தான்.

"கவலைப்படாதீங்க அத்தான். ஒண்ணுமே இல்லையாம். கஞ்சி குடிச்சானாம்."

"நெஞ்சு வலிக்காரனுக்குக் கஞ்சியா?"

"இல்ல, குடிக்கறேன்னு சொன்னானாம். டாக்டர்தான் குடுக்கலையாம்."

"எந்த டாக்டர்?"

"அந்த... கண்ணாடி போட்ட டாக்டர்."

கர்மம் என்று இஸ்பசார் பல்லைக் கடித்தார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லா டாக்டரையும் அவருக்குத் தெரியும். 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லாதடா முட்டாள், சந்தேகம் வரும், 'கஷ்டம்தான்'னு சொல்லு என்று திருத்திக் கொடுக்க வாய் துறுதுறுத்தது. செத்தது தன் தம்பி, தானே பொய்யைச் செப்பனிட நினைக்கிறோமே என்று மறுநொடியே தன்மீதே காறித் துப்பத் தோன்றியது. பின்னாலிருந்து கோழி வாசம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. யார் யார் இருப்பார்கள், எந்த இடுக்கில் கண் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு முடிவுக்கு வந்தார். உப்பு தெரிந்ததும் கேட்டுவிடுவது. மழுப்பினால் சட்டையைப் பிடிப்பது. அந்த ஒரு மணி நேரமாவது பொய் இல்லாமல் போகட்டும். தம்பிக்கு அண்ணனாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போய் இறங்கலாம்.

இரண்டாவது மணி நேரம் நகரவே மறுத்தது. பன்னும் டீயும் வந்தன. தாலாப் இரண்டையும் தொடவில்லை. அவன் உதடு வெளுத்திருந்தது. பாதி பயணத்தில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. தாலாப் இஸ்பசாரின் முழங்கையை எட்டிப் பிடித்தான். பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஈரக் கை. இருபது வருஷ வெறுப்பு இருந்தும், இஸ்பசார் முழங்கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உப்பு வந்தது. ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக, முடிவில்லாமல் கிடந்தது. இஸ்பசார் தாலாப்பின் பக்கம் திரும்பினார். தாலாப் நிமிர்ந்தான். அவன் கண்ணில் தெரிந்தது பயம். கேட்டுவிடுவாரோ என்கிற பயம். கேட்டால் சொல்லிவிடுவான். ஒரு தட்டுத் தட்டினால் கொட்டிவிடுவான். இஸ்பசார் வாயைத் திறந்தார்.

"மேஜை வியாபாரம் எப்படிப் போவுது மச்சான்?"

தன் குரலைத் தானே கேட்டுத் திகைத்துப் போனார். தாலாப்புக்கோ உயிர் வந்தது. போகிறது அத்தான், மரம் விலை ஏறிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு கேட்டிருக்கிறார்கள் என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். இஸ்பசார் மேலும் மேலும் கேட்டார். பெஞ்சுக்கு எந்த மரம், ஆணியா பசையா, வார்னிஷ் காய எத்தனை நாள். கேட்டுக்கொண்டே இருக்கும்வரை மெந்திபாய் துறைமுகத்தில் கிரேன்மேல் உட்கார்ந்து பல்லைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தான். கேள்வி நின்றால் அவன் செத்துவிடுவான். இஸ்பசாருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

தாலாப் பேச்சு வாக்கில் டீக் கோப்பையை எடுக்கப் போய், டீ அவன் தொடையில் கொட்டியது. இஸ்பசார் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டார். பிறகு தன் பன்னைப் பிய்த்து, வெண்ணெய் தடவி, அவன் கையில் வைத்தார்.

"சாப்பிடு. காலைலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

சொல்லி முடித்ததும்தான் அது யார் சொன்ன வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. வெண்ணெய் ஒட்டிய விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாலாப் பன்னை மென்றான். பிள்ளைபோல் மென்றான்.

அக்தாவில் இறங்கி நேராக மெந்திபாய் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே விரிப்பில் கிழவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பருந்து கையை விட்டுப் பறந்தது, கயிறு அறுந்தது, கொடுத்தவனே எடுத்துக்கொண்டான், நேற்று சாயங்காலம் கிரேன்மேல் உட்கார்ந்தபடியே உன் தம்பியின் நெஞ்சு நின்றது, மனசைத் திடப்படுத்திக்கொள் என்று முறைப்படி சொன்னார். "என் ஈரக்குலையே" என்று இஸ்பசார் தரையில் விழுந்தார். நடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அடுத்த அறையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தவனின் நெற்றியில் கன்னத்தை வைத்து, போதும் போதும் என்று மற்றவர்கள் தூக்குகிறவரை அழுதார்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்து டீக்கு உட்கார்ந்தபோது, தொப்பைக்காரர் விஷயத்துக்கு வந்தார். வாயோரம் மினுங்கியது.

"ஏன் இஸ்பசார், நீ ஊருக்கே வித்தை காட்டுனவன். உனக்கு வழியில தெரிஞ்சிருக்குமே? எந்த எடத்துல புடிச்சே?"

எல்லோரும் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூலையில் தாலாப் தலையைக் குனிந்துகொண்டான். காது வரை சிவந்துவிட்டது. பதினாறு வருஷமாக இஸ்பசார் சேர்த்து வைத்திருந்த அத்தனை அருவருப்பும் தொண்டைக்கு வந்தது. அந்தத் தொப்பை, எண்ணெய் வாசம், கஞ்சி, கண்ணாடி டாக்டர், எல்லாவற்றையும் அந்த விரிப்பின்மேல் வாந்தி எடுத்துவிடலாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "மச்சான் மூச்சே விடல. இந்த வாசப்படி மிதிக்கற வரைக்கும் வயித்து வலின்னுதான் நம்பினேன்."

"பரவால்லியே" என்று கிழவர் தாலாப்பின் தோளைத் தட்டினார். "நல்லாக் கொண்டாந்து சேத்தே."

தாலாப்பின் கையில் ஒரு துண்டுத் துணி வைத்தார்கள். அவன் அதில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

பெண்கள் பக்கத்திலிருந்து கலம்காஸ் டீச்சர் எழுந்து வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. துக்கத்துக்கு வந்தவள், இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வெண்ணெய் தடவி இஸ்பசாரின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு தம்பி" என்றாள் மெதுவாக. "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. ஃபிளைட்டுல குடுத்த பன்னை அவனுக்குக் குடுத்திருப்பே, அன்னிக்கு நான் உனக்குக் குடுத்த மாதிரி."

இஸ்பசார் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ரொட்டியை எடுத்துக் கடித்தார். இருபத்திரண்டு பேரின் முகமும் ஒவ்வொன்றாக வந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று அவரைக் கேட்டுவிட்டுப் போயின.